தட்டானைத் தேடிக் காட்டுக்குப் போகிறார்கள்!

வலை இல்லை, கூண்டு இல்லை. கையில் காமிரா மட்டும்!

வேட்டைக்குப் போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துப் போவார்கள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் தூண்டில் எடுத்துப் போவார்கள்.

இவர்களும் ஒருவகை வேட்டைக்காரர்கள்தான். ஆனால், இவர்கள் கையில் இருப்பது காமிரா. தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு நோட்டு, ஒரு பென்சில். அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் வரை துணி உறை.

இவர்கள் தேடிப் போவது புலியை அல்ல, யானையையும் அல்ல. தட்டானை!

"தட்டானா? அது எங்கள் வீட்டு வாசலிலேயே பறக்கிறதே! அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டுமா?" என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். ஆனால், வாசலில் பறக்கும் தட்டான் வேறு. மலை ஓடையில் வாழும் தட்டான் வேறு. மலைத் தட்டான்களில் பல, ஓடையை விட்டு வெளியே வருவதே இல்லை. அந்த ஓடை வற்றினால் அவற்றின் கதையும் முடிந்தது!

அவை இருக்கின்றனவா, இல்லையா என்று யார் பார்ப்பது? யார் கணக்கு எழுதுவது?

அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தட்டான் கணக்கெடுப்பு நடக்கிறது. கேரளத்தில் வனத்துறையும் இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். இதில் கலந்துகொள்கிறவர்கள் எல்லாரும் விஞ்ஞானிகள் அல்ல. கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் வருகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் வருகிறார்கள்.

எத்தனை வகை?

தட்டான் என்றும் தும்பி என்றும் நாம் சொல்கிறோம். கேரளத்திலும் தும்பி என்றே பெயர்.

உலகத்தில் 6,000 வகைக்கு மேல் தட்டான்கள் இருக்கின்றன. இந்தியாவில் ஏறக்குறைய 500 வகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் 200 வகைக்கு மேல் உண்டு. இந்த 200 வகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், உலகில் வேறு எந்த நாட்டிலும் கிடையாது!

இவற்றை இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒன்று, பருத்த தட்டான். மற்றொன்று, ஊசித்தட்டான்.

இரண்டையும் பிரித்து அறிவது எளிது. தட்டான் உட்காரும்போது சிறகுகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை சிறகுகளை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். தட்டானின் கண்கள் பெரியவை. பல வகைகளில் இரண்டு கண்களும் ஒட்டியே இருக்கும். ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரண்டு ஓரத்திலும் தள்ளித் தள்ளி இருக்கும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். முதல் பாடம் முடிந்தது!

டாக்டரின் வலை

இந்தியத் தட்டான்களைப் பற்றி மிக விரிவாக எழுதி வைத்தவர் ஓர் ஆங்கிலேய டாக்டர். அவர் பெயர் பிரேசர். இந்தியாவில் ராணுவ டாக்டராக வேலை பார்த்தவர்.

நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீதி நேரத்தில் அவர் தட்டான் தேடினார். நீலகிரி, ஆனைமலை, குடகு என்று மலை மலையாக ஏறினார். கண்டதையெல்லாம் எழுதினார். 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் அவருடைய நூல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. 1963-ல் அவர் காலமானார். ஆனால், இன்றும் தட்டான் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த மூன்று பாகங்களையும் புரட்டாமல் இருக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் செந்நிற ஓடைத் தட்டான் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிரேசர் காலத்தில் வலை வீசித்தான் தட்டானைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைக் கொன்று, ஊசியில் குத்தி, பெட்டியில் வைக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

இன்று காமிரா வந்துவிட்டது. தட்டான் பறந்துபோய்விடும், அதன் படம் நின்றுவிடும்!

புதிய வகை ஒன்றை உலகுக்கு அறிவிக்க வேண்டுமானால் இன்றும் மாதிரிப் பூச்சி தேவைப்படுகிறது. அதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஆனால், எது எங்கே இருக்கிறது என்று கணக்கு எடுப்பதற்குப் பெரும்பாலும் படமே போதும். அதனால்தான் சாதாரண மக்களும் இந்த வேலையில் பங்கு கொள்ள முடிகிறது.

வெயில் வேண்டும்!

தென்மேற்குப் பருவமழை குறைந்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெயில் எட்டிப் பார்க்கும். ஓடைகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கெடுப்புக்கு அது நல்ல காலம்.

காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். வந்தவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்புவார்கள். ஒவ்வொரு குழுவோடும் வனக்காவலர் ஒருவர் போவார். யானை நடமாடும் வழி அவருக்குத் தெரியும். அவர் "நில்" என்றால் நிற்க வேண்டும். "திரும்பு" என்றால் திரும்ப வேண்டும்.

ஒரு குழு அடிவாரத்துக் குளத்தைப் பார்க்கும். இன்னொரு குழு நடுமலை ஓடையைப் பார்க்கும். மற்றொரு குழு உச்சியில் உள்ள புல்வெளிக்குப் போகும். ஒரே நாளில் எல்லா இடமும் பார்த்தாகிவிடும். தனி ஒருவரால் இது முடியுமா?

விடியற்காலையில் போய்ப் பயன் இல்லை. தட்டானுக்கு உடம்பில் சூடு ஏறினால்தான் பறக்கத் தெம்பு வரும். வெயில் ஏறிய பிறகே வெளியே வரும். ஆனால், ஒருசில வகைகள் நேர்மாறு. அந்தி மங்கும் நேரத்தில்தான் அவை இரை தேடக் கிளம்பும்.

எங்கே தேடுவது?

ஒவ்வொரு தட்டானுக்கும் ஒரு வீடு உண்டு. அந்த வீடு தெரிந்தால் தட்டான் கிடைக்கும்.

நெல் வயலில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறகு கொண்ட ஒரு தட்டானைக் காணலாம். குளக்கரையில் மஞ்சளும் கறுப்பும் கலந்த சிறகோடு வண்ணத்துப்பூச்சிபோல் மிதக்கும் தட்டான் உண்டு. கருங்கல் நிறத்திலேயே ஒரு தட்டான் இருக்கிறது. கிணற்றுச் சுவரிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு உட்காரும். அருகில் போய்க் கை வைத்தால்தான் அங்கே ஒரு தட்டான் இருந்ததே தெரியும்! சிமெண்டுத் தொட்டித் தண்ணீரிலும் அது முட்டை இடும்.

இவை ஊர்த் தட்டான்கள். மலை ஓடைக்குப் போனால் காட்சி மாறுகிறது.

அங்கே ஓர் ஊசித்தட்டான் ஓடை நடுவில் உள்ள கல்லின்மேல் சிறகை மூடி உட்கார்ந்திருக்கும். அப்போது பார்த்தால் பெரிய அழகு ஒன்றும் இல்லை. திடீரென்று சிறகை விரிக்கும். பச்சை மின்னல் அடித்தாற்போல் இருக்கும்! பின் சிறகின் பச்சை அப்படி ஜொலிக்கும்.

இன்னும் உள்ளே போனால், வெயில் விழாத இருட்டு. ஓடை ஓரத்தில் செடிகளும் வேர்களும் பின்னிக் கிடக்கும். அங்கேதான் மெல்லிய ஊசித்தட்டான்கள் ஒளிந்திருக்கும். தீக்குச்சியைவிட மெல்லிய உடம்பு. நிறமும் மங்கல். குனிந்து, கண்ணைச் சுருக்கித் தேட வேண்டும். பத்து பேர் தாண்டிப் போன இடத்தில் பதினோராவது ஆளின் கண்ணில் படும்! குழுவாகப் போவதன் பலன் இதுதான்.

படம் பிடிக்கும் வித்தை

தட்டானைப் படம் பிடிப்பது லேசான காரியம் அல்ல. ஏனென்றால், அதற்குக் கண்கள் அவ்வளவு கூர்மை. சில வகைகளில் ஒரு கண்ணுக்குள் ஏறக்குறைய 30,000 சிறு கண்கள் இருக்கின்றன. முன்னால், பக்கவாட்டில், மேலே என்று எல்லாப் பக்கமும் அதற்குத் தெரியும்.

வேட்டையிலும் அது மகா கெட்டிக்காரன். பறக்கும் பூச்சியைப் பறந்தபடியே பிடித்துத் தின்னும். ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, 100 முறை பாய்ந்தால் ஏறக்குறைய 95 முறை இரை சிக்கியது. புலிக்கும் சிங்கத்துக்கும் இந்தத் திறமை கிடையாது!

அப்படிப்பட்ட தட்டானை நெருங்குவது எப்படி?

முதலாவது, அவசரம் கூடாது. ஓர் அடி வைத்து, நின்று, பிறகு அடுத்த அடி வைக்க வேண்டும்.

இரண்டாவது, நிழல் அதன்மேல் விழக் கூடாது. நிழல் விழுந்தால் பறந்துவிடும்.

மூன்றாவது, நின்றபடி போகாமல் குனிந்து போக வேண்டும். உட்கார்ந்து நகர்ந்தால் இன்னும் நல்லது.

நான்காவது, பறந்துவிட்டால் துரத்தக் கூடாது. அதே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். பல தட்டான்கள் ஒரு வட்டம் அடித்துவிட்டு, முதலில் உட்கார்ந்த அதே குச்சிக்குத் திரும்பி வரும். அந்தக் குச்சி அதன் சொந்த நாற்காலி மாதிரி!

படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. கணக்கெடுப்புக்கு உதவ வேண்டும். பக்கவாட்டில் ஒரு படம் வேண்டும். மேலிருந்து ஒரு படம் வேண்டும். வால் நுனி தெளிவாகத் தெரியும்படி இன்னொரு படம் வேண்டும்.

வால் நுனி எதற்கு? ஆண் தட்டானின் வால் நுனியில் சிறு கொக்கிகள் இருக்கும். அந்தக் கொக்கியின் வடிவம் வகைக்கு வகை மாறும். நிறத்தில் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும் இரண்டு வகைகளை இந்தக் கொக்கியை வைத்தே பிரித்துச் சொல்வார்கள்.

படத்தோடு இடம், தேதி, நேரம் மூன்றையும் எழுத வேண்டும். இந்த மூன்றும் இல்லாத படம், விலாசம் இல்லாத கடிதம் மாதிரி!

ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம்

புதிதாக வருகிறவர்களைத் திண்டாட வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே வகையில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு வேறு நிறம்.

குளக்கரையில் இளஞ்சிவப்பாக ஜொலிக்கும் தட்டான் ஒன்று உண்டு. அது ஆண். அதே வகையின் பெண் மஞ்சள் கலந்த பழுப்பு. பார்த்தால் இரண்டுக்கும் உறவு இருப்பதாகவே தோன்றாது. தரையில் உட்காரும் சிறு தட்டான் ஒன்று, இளமையில் பசுமஞ்சளாக இருக்கும். ஆண் முதிர்ந்ததும் நீலமாகிவிடும்!

அதனால், ஆணும் பெண்ணும் இணைந்திருக்கும் படம் கிடைத்தால் குழுவில் ஒரே கொண்டாட்டம். இந்த ஆணுக்கு இதுதான் பெண் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

கழற்றிப் போட்ட சட்டை

தட்டான் தண்ணீரில்தான் முட்டை இடும். சில வகைகள் தண்ணீர் ஓரத்துச் செடிகளுக்குள் இடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சிறகு கிடையாது. மாதக் கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வாழும். சில வகைகள் வருஷக் கணக்கிலும் வாழும்.

அதற்கும் பசி அதிகம். அதன் கீழ்த்தாடை மடக்குக் கைபோல் மடங்கியிருக்கும். இரை அருகே வந்ததும் சட்டென்று நீட்டிக் கவ்வும். கொசுப் புழுக்களை நிறையத் தின்னும். பெரிய குஞ்சுகள் தலைப்பிரட்டையையும் விடாது. தட்டான் மனிதனுக்குச் செய்யும் உபகாரம் தண்ணீருக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

வளர்ந்ததும் ஒருநாள் செடியிலோ கல்லிலோ ஏறி நிற்கும். முதுகு பிளக்கும். உள்ளேயிருந்து சிறகுள்ள தட்டான் வெளிவரும். பிறகு அது பெரும்பாலும் சில வாரங்களே வாழும்.

அது கழற்றிப் போட்ட தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கணக்கெடுப்பாளர்கள் அதையும் தேடுவார்கள். பறக்கும் தட்டான் வேறு எங்கிருந்தோ வந்திருக்கலாம். ஆனால், இந்தத் தோல் கிடந்தால், "இந்தத் தண்ணீரில்தான் அது பிறந்தது" என்று துணிந்து எழுதலாம்.

மாலைப் பஞ்சாயத்து

மாலையில் குழுக்கள் முகாமுக்குத் திரும்பும். காலில் அட்டை கடித்த இடத்தைத் துடைத்துக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டு, படங்களைப் பார்க்க உட்காருவார்கள்.

அப்போது நடப்பது ஒரு பஞ்சாயத்து!

"இது இந்த வகை" என்பார் ஒருவர். "இல்லை, மார்பில் உள்ள கோட்டைப் பாருங்கள்" என்பார் இன்னொருவர். வால் நுனி எங்கே என்று கேட்பார் மூன்றாமவர். வால் நுனி படத்தில் இல்லை! அவ்வளவுதான், அந்தத் தட்டானுக்குப் பெயர் எழுதப்படாது. "அடையாளம் தெரியவில்லை" என்றே குறிப்பார்கள்.

பெயர் எழுதாமல் விட்டால் நஷ்டம் இல்லை. தப்பான பெயர் எழுதினால் நஷ்டம். இல்லாத தட்டான் ஒன்று அந்த ஓடையில் இருப்பதாகப் பதிவாகிவிடும் அல்லவா?

இப்படிச் சலித்து எடுத்த பட்டியல் வனத்துறைக்குப் போகிறது. அடுத்த கணக்கெடுப்பின்போது இதே பட்டியலை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருமுறை காணாமல் போனது மழையால் இருக்கலாம், மேகமூட்டத்தால் இருக்கலாம். திரும்பத் திரும்பக் காணவில்லை என்றால் விஷயம் வேறு. ஓடைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மேகமலைப் புதையல்

இவ்வளவு தேடிய மலையில் இனிப் புதிதாக என்ன கிடைக்கப் போகிறது?

கிடைத்தது! 2020-ல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மூன்று புதிய ஊசித்தட்டான் வகைகளை ஆராய்ச்சியாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். மூன்றும் இருட்டு ஓடையில் ஒளிந்து வாழும் மெல்லிய வகையைச் சேர்ந்தவை. இரண்டு கேரளத்தில் கிடைத்தவை. ஒன்று தமிழ்நாட்டில், மேகமலையில் கிடைத்தது.

மேகமலைத் தட்டானுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'புரோட்டோஸ்டிக்டா சோலை'! மலைமேல் உள்ள சோலைக்காட்டில் வாழ்வதால் அந்தப் பெயர். நம்முடைய தமிழ்ச் சொல் ஒன்று, ஒரு சின்னஞ்சிறு பூச்சியின் பெயராக உலக விஞ்ஞான ஏட்டில் ஏறிவிட்டது.

கடல் தாண்டும் தட்டான்

தேதி எழுதி வைப்பதால் என்ன பயன் என்பதற்கு இன்னொரு கதை இருக்கிறது.

மழைக்காலத்தில் வயல்மேல் கூட்டம் கூட்டமாக மஞ்சள் தட்டான்கள் பறப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவை எங்கே போகின்றன?

இந்தியப் பெருங்கடலில் உள்ள மாலத்தீவில் சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் ஆராய்ச்சியாளர் வாழ்ந்துவந்தார். அங்கே குளம் குட்டைகளே அபூர்வம். ஆனால், ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் தட்டான்கள் வந்து குவிந்தன. தண்ணீர் இல்லாத தீவுக்குத் தட்டான் எப்படி வந்தது?

அவர் தேதிகளைக் குறித்தார். தென் இந்தியாவில் எப்போது தெரிகிறது, மாலத்தீவில் எப்போது தெரிகிறது, ஆப்பிரிக்காவில் எப்போது தெரிகிறது என்று தகவல் திரட்டினார். 2009-ல் தம் முடிவை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து கிளம்பும் தட்டான்கள், காற்றின் உதவியால் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்பதே அந்த முடிவு!

போய்த் திரும்பும் மொத்தத் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. ஒரே தட்டான் முழுத் தூரமும் போவதில்லை. நான்கு தலைமுறைகள் சேர்ந்து அந்தப் பயணத்தை முடிக்கின்றன. தாத்தா கிளம்பிய ஊருக்குப் பேரன் பிள்ளை திரும்பி வருகிறான்!

தண்ணீரின் சாட்சி

2021-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகம் முழுவதும் உள்ள தட்டான்களை முதன்முதலாக ஒட்டுமொத்தமாக மதிப்பிட்ட கணக்கு அது. 6,016 வகைகளைப் பார்த்தார்கள். 100-க்கு 16 வகைகள் அழியும் அபாயத்தில் இருப்பதாகத் தெரிந்தது.

காரணம், தட்டானை யாரும் சுட்டுத் தள்ளியதல்ல. அது பிறக்கும் தண்ணீரை மனிதன் கெடுத்ததும், ஈர நிலங்களை அழித்ததும்தான்.

தட்டான் பொய் சொல்லாது. சாக்கடை கலந்த தண்ணீரிலும் பிழைக்கும் ஒரு தட்டான் உண்டு. ஆணின் சிறகில் ஆரஞ்சு நிறம் இருக்கும். ஒரு குளத்தில் பல வகைத் தட்டான்கள் மறைந்து, அந்த ஒரு வகை மட்டுமே பெருகிக் கிடந்தால், குளத்தின் நிலைமையைச் சொல்ல வேறு சாட்சி எதற்கு? தெளிந்த ஓடைகளையே நம்பி வாழும் மலைத் தட்டான்கள் இருந்தால், ஓடை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

மலையில் பிறக்கும் அந்த ஓடைதான் ஆறாகி, கீழே உள்ள ஊர்களின் குழாயிலும் வயலிலும் வருகிறது. தட்டான் கணக்கு என்பது நாம் குடிக்கும் தண்ணீரின் கணக்கு!

உங்கள் ஊர்க் குளத்தில்

இதற்கெல்லாம் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஊர்க் குளம் போதும். விலை உயர்ந்த காமிராவும் வேண்டாம். கையில் உள்ள செல்போனே ஆரம்பத்துக்குப் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறியதும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குளக்கரைக்குப் போங்கள். ஆழம் உள்ள பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். எத்தனை வகைத் தட்டான் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்துக்குப் போனால், ஒரு வருஷத்தில் உங்கள் குளத்தின் சரித்திரம் உங்கள் வீட்டு நோட்டில் இருக்கும்.

தட்டானின் வாலில் நூல் கட்டி விளையாடுவது பிள்ளைகளின் பழைய வழக்கம். நூல் கட்டிய தட்டான் இரை தேட முடியாது. முட்டை இட முடியாது. நூலுக்குப் பதிலாகப் பிள்ளைகள் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். தட்டானும் பிழைக்கும். கணக்கும் வளரும்!